வாங்கியவரே விற்றார்: மேடம் சி. ஜே. வாக்கர் கட்டிய சந்தை

சிறுதொழில் தொடங்க விரும்பும் தலித் இளைஞர்களுக்கு இன்று அறிவுரைக்குப் பஞ்சமில்லை. பொருளுக்குப் பெயர் வைப்பது, பொட்டலத்தை அழகாக்குவது, வாட்ஸ்அப் குழுக்களில் விளம்பரம் இடுவது எனப் பயிற்சி முகாம்களில் பலவும் கற்பிக்கப்படுகின்றன. அவை தேவையற்றவை என்று நாம் சொல்லவில்லை. ஆனால் இட்லி மாவு அரைத்து விற்கும் ஒரு தலித் பெண், தன் கைப்பட்ட மாவை அடுத்த தெருக்காரர்கள் வாங்க மறுக்கும்போது என்ன செய்வது என்ற கேள்வி அம்முகாம்களில் எழுவதே அரிது. 2018ஆம் ஆண்டில் அவிநாசி அருகே ஓர் அரசுப் பள்ளியில் தலித் பெண் சத்துணவு சமைக்கக் கூடாது என்று ஆதிக்க சாதியினர் போராடியதை நாம் மறந்துவிடவில்லை. இலவசமாகக் கிடைக்கும் உணவுக்கே அத்தகைய எதிர்ப்பு என்றால், காசு கொடுத்து வாங்க வேண்டிய உணவின் நிலையை ஊகித்துக்கொள்ளலாம்.

அண்ணல் அம்பேத்கரின் வாழ்விலும் இதே சுவர் எழுந்தது. பரோடாவில் அவமதிக்கப்பட்டுப் பம்பாய் திரும்பிய அவர், பிழைப்புக்காக முதலீட்டு ஆலோசனைத் தொழில் ஒன்றைத் தொடங்கினார். ஆலோசனை சொல்பவர் தீண்டப்படாதவர் என்று தெரிந்ததும் வாடிக்கையாளர்கள் விலகிக்கொண்டனர். கொலம்பியாவில் பொருளாதாரம் பயின்றவரின் அறிவு அவர்களுக்குத் தேவைப்பட்டது. அவர் பிறப்பு அவர்களுக்கு ஒவ்வவில்லை. சந்தை என்பது பொருளையும் விலையையும் மட்டுமே பார்க்கும் என்று பாடநூல்கள் சொல்கின்றன. நம் அனுபவம் வேறு.

சந்தையே பகையாக நிற்கும்போது ஒடுக்கப்பட்டவர் எவரிடம் விற்பது, எப்படி விற்பது, விற்றதை எப்படி நிலைநிறுத்துவது? இக்கேள்வியை மனத்தில் கொண்டு ஒரு வாழ்க்கையை நாம் இங்கே வாசிக்க முயல்கிறோம். அமெரிக்கக் கறுப்பினப் பெண்ணான அவரைச் சொந்த உழைப்பால் கோடீஸ்வரியான முதல் பெண் என்று உலகம் கொண்டாடுகிறது. அந்தக் கொண்டாட்டம் அவர் உண்மையில் செய்த காரியத்தைப் பெரிதும் மறைத்துவிட்டது என்பதே நம் எண்ணம்.

சாரா பிரீட்லவ் 1867 டிசம்பர் 23 அன்று லூசியானா மாநிலத்தில் டெல்டா என்னும் சிற்றூரில், ஒரு பருத்திப் பண்ணையில் பிறந்தார். அவருடைய பெற்றோர் ஓவனும் மினர்வாவும் அதே பண்ணையில் அடிமைகளாக இருந்தவர்கள். அடிமைமுறை ஒழிந்த பின் அக்குடும்பத்தில் சுதந்திரமாகப் பிறந்த முதல் குழந்தை சாராதான். சட்டம் விடுவித்தது, நிலம் பழைய முதலாளியிடமே இருந்தது. பண்ணையடிமை முறை சட்டப்படி ஒழிந்த பின்னும் அதே வயலில் அதே மிராசுதாரரிடம் கூலிக்கு நின்ற தஞ்சைப் பகுதித் தலித் குடும்பங்களை அறிந்தவர்களுக்கு இந்நிலையை விளக்க வேண்டியதில்லை.

ஏழு வயதுக்குள் தாயும் தந்தையும் இறந்தனர். அக்காள் லூவீனியாவின் வீட்டில், அத்தானின் கொடுமைக்கு நடுவே சாரா வளர்ந்தார். மிசிசிப்பி ஆற்றைக் கடந்து விக்ஸ்பர்க் நகருக்கு அக்குடும்பம் குடிபெயர்ந்தது. பதினான்கு வயதில் மோசஸ் மக்வில்லியம்ஸ் என்பவரைச் சாரா மணந்தார். 1885இல் மகள் லீலியா பிறந்தாள். குழந்தை நடக்கப் பழகிய சில காலத்திலேயே கணவர் இறந்தார். இருபது வயதில் கைம்பெண்; கையில் ஒரு குழந்தை; பள்ளிப் படிப்பு என்று சொல்ல ஏதுமில்லை. அண்ணன்மார் முடிதிருத்தும் தொழில் செய்துகொண்டிருந்த செயின்ட் லூயிஸ் நகரை நோக்கி அவர் புறப்பட்டார்.

அந்நகரில் ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகள் அவர் செய்த வேலை சலவை. அன்றைய அமெரிக்காவில் நகர்ப்புறக் கறுப்பினப் பெண்களுக்கு வீட்டுவேலை, சமையல், சலவை ஆகிய மூன்றை விட்டால் வேறு வாசல் இல்லை. வெள்ளையர் வீடுகளின் அழுக்குத் துணியை மூட்டையாகக் கட்டி வந்து, மரத்தொட்டியில் கொதிநீரும் காரச் சவர்க்காரமும் கொண்டு தேய்த்து, காயவைத்து, இரும்புப் பெட்டியைச் சூடேற்றித் தேய்த்துத் திருப்பிக் கொடுக்க வேண்டும். நாளொன்றுக்கு ஒன்றிரண்டு டாலருக்கு மேல் தேறாது. அந்தக் கூலியில்தான் அவர் மகளைப் படிக்க வைத்தார்.

செயின்ட் லூயிஸ் அவருக்கு இன்னொன்றையும் கொடுத்தது. கறுப்பின மக்களின் ஆப்பிரிக்க மெதடிஸ்ட் திருச்சபையில் அவர் உறுப்பினரானார். அங்கே ஆசிரியைகளும் சமூகப் பணியாளர்களும் இருந்தனர். சங்கம் நடத்துவது, கூட்டத்தில் பேசுவது, கைம்பெண்ணுக்கும் அநாதைக்கும் நிதி திரட்டுவது ஆகியவற்றை அவர் அப்பெண்களிடம் பார்த்துக் கற்றார். வணிகக் கல்லூரி எதிலும் கால் வைக்காத அவருக்கு அமைப்புக் கட்டும் பயிற்சி அளித்தது அந்தத் திருச்சபையே. பின்னாளில் அவர் நிறுவனம் இயங்கிய முறையைப் பார்த்தால், அதன் வேர் வணிகத்தைவிடத் திருச்சபை மகளிர் சங்கத்தில்தான் ஆழமாக இருப்பது தெரியும்.

முப்பது வயதைத் தாண்டும்போது அவருடைய தலைமுடி கொத்துக் கொத்தாக உதிரத் தொடங்கியது. அது அவருக்கு மட்டும் நேர்ந்த துன்பம் அல்ல. குழாய் நீர் இல்லாத வீடுகளில் தலைக்குக் குளிப்பது அரிது. காரச் சவர்க்காரம், சத்தில்லா உணவு, ஓயாத உழைப்பு, பொடுகு, உச்சந்தலைப் புண் எல்லாம் சேர்ந்து ஏழைக் கறுப்பினப் பெண்களின் தலையை வழுக்கையாக்கின. அவர்கள் தலையில் துணி கட்டி அதை மறைத்தனர். அப்பெண்களுக்குப் பொருள் விற்க வந்த வெள்ளையர் நிறுவனங்களோ, கறுப்பின மக்களின் முடியையே ஓர் அவமானமாகச் சித்திரித்து விளம்பரம் செய்தன. வாடிக்கையாளரை இழிவுபடுத்தியே அவரிடம் காசு பறிக்கும் வணிகம் அது. நம் ஊரில் முகப்பூச்சுக் களிம்புகள் விற்கப்பட்ட விதத்தை எண்ணிப் பார்க்கலாம்.

இந்த இடத்தில் வரலாறு அடிக்கடி விட்டுவிடும் ஒரு பெயரைச் சொல்லியாக வேண்டும்: ஆனி டர்ன்போ. பின்னாளில் ஆனி மலோன் என்று அறியப்பட்டவர். அவரும் கறுப்பினப் பெண். கறுப்பினப் பெண்களின் முடிக்கான மருந்தை வீடு வீடாக எடுத்துச் சென்று விற்கும் முறையைச் சாராவுக்கு முன்பே தொடங்கியவர். 1902இல் செயின்ட் லூயிஸ் நகருக்கு வந்த அவரிடம் சாரா முதலில் வாடிக்கையாளராகவும் பிறகு விற்பனை முகவராகவும் இருந்தார். சாரா தனியே தொழில் தொடங்கியபோது, தன் முறையைக் களவாடிவிட்டதாக டர்ன்போ குற்றம் சாட்டினார். தன் பொருளின் பெயரையும் பதிவு செய்து காத்துக்கொண்டார். இருவருக்கும் இடையிலான பகை இறுதிவரை தீரவில்லை. தன் மருந்தின் செய்முறை கனவில் ஓர் ஆப்பிரிக்கப் பெரியவர் சொன்னது என்று சாரா பிற்காலத்தில் கூறிவந்தார். அதை நாம் விளம்பரக் கதையாகவே கொள்கிறோம். மருந்தின் முக்கியப் பொருள்கள் கந்தகமும் பெட்ரோலிய ஜெல்லியும். தலைப்புண்ணுக்குக் கந்தகம் நெடுங்காலமாகப் பயன்பட்டு வந்ததே. புதுமை டப்பாவுக்குள் இல்லை.

1905இல் சாரா மேற்கே டென்வர் நகருக்குச் சென்றார். கையிருப்பு இரண்டு டாலரைத் தாண்டவில்லை. அங்கே சமையல் வேலை பார்த்துக்கொண்டே முடி மருந்தை விற்றார். அடுத்த ஆண்டு சார்லஸ் ஜோசப் வாக்கர் என்பவரை மணந்தார். செய்தித்தாள்களுக்கு விளம்பரமும் சந்தாவும் சேர்க்கும் தொழிலில் இருந்தவர் அவர். அந்தத் திருமணத்தோடு சாரா தம்மை மேடம் சி. ஜே. வாக்கர் என்று அழைத்துக்கொண்டார்.

இந்தப் பெயர் மாற்றத்தை நாம் எளிதாகக் கடந்துவிட முடியாது. வெள்ளையர்கள் கறுப்பினப் பெண்களை, எவ்வளவு வயதானவர்களாக இருந்தாலும், முதற்பெயர் சொல்லியோ ஆயா முறை வைத்தோ அழைப்பது அன்றைய வழக்கம். எழுபது வயதுத் தலித் முதியவரைச் சிறுவன் பெயர் சொல்லி அழைக்கும் ஊர்களிலிருந்து வந்தவர்கள் நம்மில் பலர். முதற்பெயரையே வெளியே காட்டாமல், மேடம் என்ற மரியாதைச் சொல்லை டப்பாவின் மேலேயே அச்சிட்டுவிட்டால், வாங்குபவர் எவராயினும் அதைச் சொல்லித்தான் கேட்டாக வேண்டும். பிரெஞ்சு அழகுக்கலையின் பகட்டும் அச்சொல்லில் ஒட்டிக்கொண்டிருந்தது. வணிகத்துக்கான பெயரும் தன்மானத்துக்கான பெயரும் இங்கே ஒன்றாயின.

அவர் விற்ற முறை மிக எளியது. ஒரு வீட்டுக்குச் செல்வார். அந்தப் பெண்ணின் தலையைத் தாமே கழுவி, புண்ணுக்கு மருந்திட்டு, முடியை ஒழுங்குசெய்து காட்டுவார். அடிக்கடி தலைக்குக் குளிக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுப்பார். அக்கம்பக்கத்துப் பெண்கள் கூடிப் பார்ப்பார்கள். பிறகே டப்பா வெளியே வரும். விலை 50 சென்ட். மருந்தைத் தொடர்ந்து தேய்த்தால்தான் பயன். ஆகவே தலை குணமானவர் மீண்டும் வாங்குவார், தங்கைக்கும் சொல்வார். கடை வாடகை இல்லை, இடைத்தரகர் இல்லை, கடனுக்குப் பொருள் எடுத்துச் சிக்கும் நிலையும் இல்லை. ஒரு டப்பா விற்ற காசில் அடுத்த டப்பாக்களுக்கான சரக்கு.

விளம்பரத்தில் கணவரின் அனுபவம் உதவியது. ஆனால் விளம்பரத்துக்கான படம் அவருடைய சொந்த முகம். முடி உதிர்ந்த காலத்துப் படத்தை நடுவிலும், நீண்ட முடியோடு பிற்காலத்தில் எடுத்த படங்களை இருபுறமும் வைத்து அச்சிட்டார். அன்றைய அழகுப்பொருள் விளம்பரங்களில் வெள்ளைத்தோல் அழகிகளே நிறைந்திருந்தனர். கறுத்த, உழைத்த, நடுவயதுப் பெண் ஒருத்தி தன் குறையை மறைக்காமல் காட்டி, தனக்கு நேர்ந்ததைச் சொன்னபோது, வாசித்த பெண்கள் தங்களையே அங்கே கண்டனர். அவ்விளம்பரங்கள் வெளிவந்தவை கறுப்பின மக்கள் நடத்திய இதழ்கள். விளம்பரக் காசு அவ்விதழ்களைத் தாங்கியது; அவ்விதழ்கள் அவர் பெயரை மாநிலம் விட்டு மாநிலம் கொண்டு சென்றன. சமூகத்தின் சொந்த ஊடகமும் சமூகத்தின் சொந்த வணிகமும் ஒன்றையொன்று தாங்கி நின்ற இந்த ஏற்பாடு, இன்று விளம்பரமின்றித் தவிக்கும் தலித் இதழ்களை நினைக்கும்போது நம்மைச் சற்று ஏக்கம் கொள்ள வைக்கிறது.

1906 செப்டம்பரில் வாக்கர் தம்பதியர் பயணம் புறப்பட்டனர். ஓராண்டுக்கும் மேலாகத் தென்மாநிலங்களில் அவர்கள் சுற்றினர். கறுப்பின மக்களுக்குத் தனிப் பெட்டி ஒதுக்கிய ரயில்களில் பயணம். விடுதிகள் இடம் தராத ஊர்களில் சபை மக்களின் வீடுகளில் தங்கல். ஊருக்குள் போனதும் அவர் முதலில் தேடியது கறுப்பினப் போதகரை. திருச்சபைக் கூடத்தில் செய்முறை விளக்கம், அதன் பின் சில பெண்களுக்குப் பயிற்சி, அவர்களில் சிலரை முகவராக நியமித்தல், பிறகு அடுத்த ஊர். தபாலில் வரும் கேட்புகளுக்கு டென்வரிலிருந்து மகள் லீலியா சரக்கு அனுப்பினார். அவர் விட்டுச் சென்ற ஒவ்வோர் ஊரிலும் விற்பனை தொடர்ந்தது. காரணம், அங்கே வாங்கிய பெண்ணே இப்போது விற்கும் பெண்.

அந்தப் பெண் முன்பு யார்? பெரும்பாலும் சலவைக்காரி, சமையற்காரி, பருத்தி பறிப்பவள். வெள்ளை எசமானியின் வீட்டுப் பின்வாசலில் நின்றவள். முகவரான பிறகு அவளுடைய வாடிக்கையாளர் அவளைப் போன்ற கறுப்பினப் பெண். வரும் வருமானம் அவள் கையில். இதை வெறும் விற்பனை உத்தி என்று எழுதுபவர்கள் ஒரு பெரிய உண்மையைத் தவறவிடுகிறார்கள். பகையான சந்தையில் நுழைவதற்கு அவர் கெஞ்சவில்லை. தம் மக்களுக்குள்ளேயே இருந்த, எவரும் மதிக்காத தேவையைக் கண்டு, அங்கே ஒரு சந்தையை உண்டாக்கினார்.

1908இல் பிட்ஸ்பர்க் நகரில் மகளின் பெயரால் பயிற்சிக் கல்லூரி தொடங்கினார். நேரில் வர இயலாதவர்களுக்குத் தபால் வழிப் பயிற்சியும் இருந்தது. கட்டணம் 25 டாலர். ஏழைப் பெண்ணுக்கு அது சிறு தொகையல்ல என்பதையும் சொல்லிவைக்க வேண்டும். 1910இல் இண்டியானாபோலிஸ் நகரைத் தலைமையிடமாக்கித் தொழிற்சாலை கட்டினார். பல ரயில் பாதைகள் கூடும் நகரம் அது. எந்தத் திசைக்கும் சரக்கு அனுப்பலாம். நாடெங்கும் வாசிக்கப்பட்ட கறுப்பின இதழ் ஒன்றும் அங்கிருந்து வெளிவந்தது. அடுத்த ஆண்டு நிறுவனம் முறைப்படி பதிவானது. ஃப்ரீமன் ரான்சம் என்ற இளம் கறுப்பின வழக்கறிஞர் நிர்வாகத்தை ஏற்றார். கணவருக்கும் அவருக்கும் இருந்த வேறுபாடு முற்றியது இக்காலத்தில்தான். தொழில் எவ்வளவு வளர வேண்டும் என்பதில் கணவரின் கனவு சிறியதாக இருந்தது. இருவரும் பிரிந்தனர். பெயர் மட்டும் நிலைத்தது.

1912 ஆகஸ்டில் சிகாகோவில் நடந்ததைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறோம். தேசிய நீக்ரோ வணிகர் கழகத்தின் மாநாடு அது. கழகத்தை நிறுவித் தலைமை தாங்கியவர் புக்கர் டி. வாஷிங்டன், அன்றைய கறுப்பின மக்களிடையே அவரைவிடச் செல்வாக்கு மிக்கவர் எவரும் இல்லை. வங்கியாளர்களும் நில வணிகர்களும் மேடையேறித் தங்கள் வெற்றியைச் சொல்லிக்கொண்டிருந்தனர். வாக்கருக்கு மேடை தரப்படவில்லை. முடி மருந்து விற்பதை மதிப்பான தொழிலாக வாஷிங்டன் கருதவில்லை. சலவைக்காரியாக இருந்த, படிக்காத பெண் என்பதும் சேர்ந்துகொண்டது. ஓர் இதழாசிரியர் அவருக்காகப் பரிந்து பேசியும் பயனில்லை. இறுதி நாளில் வாக்கர் அழைப்பின்றியே எழுந்து நின்றார். தென்னகத்துப் பருத்தி வயலிலிருந்து சலவைத் தொட்டிக்கும், அங்கிருந்து அடுக்களைக்கும், அங்கிருந்து சொந்தத் தொழிற்சாலைக்கும் தாம் வந்த வழியை அவையோருக்குச் சொல்லி அமர்ந்தார். வாஷிங்டன் அப்போதும் ஒன்றும் சொல்லாமல் அடுத்த பேச்சாளரை அழைத்தார். மறு ஆண்டு பிலடெல்பியா மாநாட்டில் அதே வாஷிங்டன் அவரை முறைப்படி பேச அழைத்தார்.

ஒடுக்கப்பட்டோரின் அமைப்புகளுக்குள்ளும் பெண்களுக்கு மேடை எளிதில் கிடைப்பதில்லை. இதைச் சொல்லும்போது நம் சங்கங்களையும் மாநாடுகளையும் விலக்கி வைத்துப் பேச நமக்கு உரிமையில்லை.

1916இல் வாக்கர் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதிக்குக் குடிபெயர்ந்தார். மகள் முன்பே அங்கு சென்றிருந்தார். ஹார்லெமை ஒட்டியிருக்கும் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மூன்றாண்டுகள் பயின்ற அம்பேத்கர் லண்டனுக்குப் புறப்பட்டதும் அதே ஆண்டில்தான்.

இந்த ஹார்லெம் ஆண்டுகளிலேயே அவர் வாழ்வின் முக்கியமான வேலை நடந்தது என்பது நம் கணிப்பு. நாடெங்கும் ஆயிரக்கணக்கில் பரவியிருந்த முகவர்களை அவர் சங்கமாகத் திரட்டினார். ஊர்தோறும் கிளைகள், மாதச் சந்தா, உறுப்பினர் இறந்தால் குடும்பத்துக்கு 50 டாலர் உதவி. கறுப்பின மக்களுக்குக் காப்பீட்டுக் கதவுகள் அடைபட்டிருந்த நாட்டில் அந்த ஈமச்செலவுத் தொகையின் அருமையை, சாவு வீட்டுச் செலவுக்காகக் கந்துவட்டிக்குப் போகும் நம் குடும்பங்கள் அறியும். சங்கத்தின் முதல் தேசிய மாநாடு 1917 ஆகஸ்ட் இறுதியில் பிலடெல்பியாவில் ஒரு திருச்சபையில் கூடியது. இருநூறுக்கும் மேற்பட்ட பெண்கள் வந்தனர். அதிகம் விற்றவர்களுக்குப் பரிசு உண்டு. ஆனால் தம் ஊரில் அறப்பணிக்கு அதிகம் கொடுத்த கிளைகளுக்கும் பரிசு உண்டு. விற்பனைக்கு நிகராகச் சமூகப் பணியை எடைபோட்ட வணிக மாநாடு அது.

அந்த மாநாடு கூடிய நேரத்தைக் கவனிக்க வேண்டும். அவ்வாண்டு ஜூலையில் கிழக்கு செயின்ட் லூயிஸ் நகரில் வெள்ளைக் கும்பல்கள் கறுப்பினத் தொழிலாளர்களின் வீடுகளைக் கொளுத்தி, தப்பி ஓடியவர்களைக் கொன்றன. அதைக் கண்டித்து ஜூலை 28 அன்று நியூயார்க்கில் ஏறத்தாழ பத்தாயிரம் பேர் வாய்திறவாமல் ஊர்வலம் சென்றனர். அடுத்த சில நாள்களில், கும்பல் கொலையைக் கூட்டாட்சிக் குற்றமாக்க வேண்டும் என்ற மனுவோடு ஹார்லெம் தலைவர்கள் வெள்ளை மாளிகைக்குச் சென்றனர். வாக்கரும் அவர்களில் ஒருவர். குடியரசுத் தலைவர் வில்சன் அவர்களைச் சந்திக்கவில்லை. வேறு வேலை இருப்பதாகச் செயலாளர் சொல்லி அனுப்பினார். அம்மாதத்தின் இறுதியில் பிலடெல்பியாவில் கூடிய முகவர்கள், தங்கள் மாநாட்டின் பெயரால் வில்சனுக்குத் தந்தி அனுப்பி அதே கோரிக்கையை முன்வைத்தனர். சலவைத் தொட்டியை விட்டு வந்து சில ஆண்டுகளே ஆன பெண்கள், முடி மருந்து விற்கக் கூடிய இடத்திலிருந்து நாட்டின் தலைவரை நோக்கிச் சட்டம் கேட்டார்கள்.

வாக்கர் மீதான விமர்சனங்களையும் நாம் மறைக்கப் போவதில்லை. சூடான சீப்பால் முடியை நீட்டும் பழக்கத்தை அவர் பரப்பினார், வெள்ளையரின் அழகு அளவுகோலுக்குத் தம் மக்களைப் பணிய வைத்தார் என்ற குற்றச்சாட்டு அவர் காலத்திலேயே எழுந்தது. அந்தச் சீப்பைக் கண்டுபிடித்தவர் அவர் அல்லர். முடியை நீட்டுவது தம் நோக்கமன்று, தலையின் நலமே நோக்கம் என்று அவர் வாதிட்டார். அவருடைய பயிற்சியில் அந்தச் சீப்பும் இருந்தது என்பதோ மெய். தோலை வெளுப்பாக்கும் களிம்பை அவர் உயிரோடு இருந்தவரை விற்கவில்லை. அவர் இறந்த பிறகு 1920களில் அதே நிறுவனம் அத்தகைய களிம்பைக் கொண்டுவந்தது. அது நன்றாகவும் விற்றது. நிறுவியவரின் மனச்சாட்சியை நிறுவனம் மரபுரிமையாகப் பெறுவதில்லை.

ஹட்சன் ஆற்றங்கரையில் வெள்ளைச் செல்வந்தர்களின் நடுவே அவர் கட்டிய மாளிகை பற்றியும் கேள்வி உண்டு. வெர்ட்னர் டாண்டி என்ற கறுப்பினக் கட்டடக் கலைஞர் வடிவமைத்த அந்த வீட்டை, தம் இனத்தவர் எதையும் சாதிக்க முடியும் என்பதன் அடையாளமாக அவர் கருதினார். நமக்கு அந்த வாதத்தில் முழு உடன்பாடில்லை. ஒருவரின் மாளிகை பலரின் குடிசையை மாற்றுவதில்லை. தலித் முதலாளியம் பற்றி நம்மிடையே நடக்கும் விவாதத்தில் வாக்கரின் பெயர் வரும்போதெல்லாம் ஒரு தரப்பு அந்த மாளிகையைக் காட்டி மெச்சுகிறது. மறு தரப்பு அதே மாளிகையைக் காட்டி நிராகரிக்கிறது. இரு தரப்பும் முகவர் சங்கத்தைப் பார்ப்பதில்லை.

காசு கொடுத்த இடங்களும் ஒருவரை அறிய உதவும். இண்டியானாபோலிஸில் ஒரு திரையரங்கு, கறுப்பின மக்களிடம் மட்டும் 10 சென்ட் சீட்டுக்கு 25 சென்ட் கேட்டது. வாக்கர் வழக்குத் தொடுத்தார். தம் மக்களுக்கென்று அரங்கோடு கூடிய கட்டடம் ஒன்றைத் திட்டமிட்டார். அது அவர் மறைவுக்குப் பின் 1927இல் எழுந்தது. கறுப்பின இளைஞர் சங்கக் கட்டடத்துக்கு 1911இலேயே 1,000 டாலர் கொடுத்திருந்தார். 1919இல் கும்பல் கொலை எதிர்ப்பு நிதிக்கு 5,000 டாலர் அறிவித்தார். முதல் உலகப் போருக்குப் பின் பாரிசில் நடந்த அமைதி மாநாட்டுக்குச் சென்று கறுப்பின மக்களின் உரிமையைப் பேச விரும்பியபோது, அமெரிக்க அரசு அவருக்குக் கடவுச்சீட்டு மறுத்தது. முடி மருந்து விற்கும் பெண்ணை அரசு அஞ்சியது என்றால் அந்த அச்சம் டப்பாவைப் பற்றியதாக இருக்க முடியாது.

அவருடைய சிறுநீரகங்கள் கெட்டிருந்தன. ஓய்வு எடுக்கும்படி மருத்துவர்கள் சொன்னதை அவர் கேட்கவில்லை. 1919 மே 25 அன்று, 51ஆம் வயதில், அந்த ஆற்றங்கரை வீட்டில் அவர் இறந்தார். கோடீஸ்வரி என்று உலகம் சொன்னாலும் அவர் விட்டுச் சென்ற சொத்தின் மதிப்பு பத்து லட்சம் டாலரை எட்டவில்லை. நிறுவனத்தின் எதிர்கால நிகர இலாபத்தில் மூன்றில் இரண்டு பங்கு அறப்பணிகளுக்குச் செல்ல வேண்டும் என்றும், நிறுவனத்தின் தலைவராக எப்போதும் ஒரு பெண்ணே இருக்க வேண்டும் என்றும் உயிலில் எழுதியிருந்தார்.

வாக்கரும் மலோனும் திறந்த பாதையில், அடுத்த முப்பது ஆண்டுகளில் அமெரிக்கத் தென்மாநிலங்களின் கறுப்பினக் குடியிருப்புகளில் சிறு சிறு அழகு நிலையங்கள் பெருகின. ஒரு நாற்காலி, ஒரு கண்ணாடி, ஓர் அடுப்பு. நடத்துபவரும் வருபவர்களும் கறுப்பினப் பெண்கள். 1950களில் குடியுரிமைப் போராட்டம் எழுந்தபோது இந்த ஏற்பாட்டின் வலிமை வெளிப்பட்டது. தென் கரோலினாவில் கறுப்பின உரிமைச் சங்கத்தில் உறுப்பினராக இருந்தால் அரசுப் பணி போய்விடும் என்று 1956இல் சட்டம் வந்தது. நாற்பது ஆண்டுகள் பணிபுரிந்த ஆசிரியை செப்டிமா கிளார்க் உறுப்பினர் பொறுப்பைத் துறக்க மறுத்ததால் வேலையிழந்தார். வாக்காளர் பதிவுக்கு எழுத்தறிவுத் தேர்வு வைத்து மக்களைத் தடுத்த அம்மாநிலத்தில், முதியோருக்கு எழுத்துக் கற்பிக்கும் பள்ளி ஒன்றைத் தொடங்க அவரும் தோழர்களும் முடிவு செய்தனர். ஆசிரியர் பயிற்சி பெற்ற எவரையும் அவர்கள் தேடவில்லை. கிளார்க்கின் உறவினரும் அழகு நிலையம் நடத்தி வந்தவருமான பெர்னிஸ் ராபின்சனை அழைத்தனர். அவருக்கு வெள்ளை எசமானர் இல்லை. அவரை வேலையை விட்டு நீக்க எவராலும் முடியாது. 1957 ஜனவரியில் ஜான்ஸ் தீவில், கூட்டுறவுக் கடை ஒன்றின் பின்னறையில், வயல் வேலை முடித்து வந்தவர்களுக்குத் தங்கள் பெயரை எழுதக் கற்றுக்கொடுத்தபடி அவர் முதல் வகுப்பைத் தொடங்கினார்.